வெற்று எடை

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
கடைக்குள் நுழைந்ததும் அவள் மூக்குக் கண்ணாடி வெளுத்துப்போனது.
துடைக்காமலே கேட்டாள்:
"இதில் கடல் ஓடுமா?"

உலான் பத்தூரில் என் கடை ஆறடிக்கு எட்டடி.
ஆபீஸ்கள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைப் பிரித்து
தூசி ஊதி
மறுபடி பூட்டி விற்கிறேன்.
கணக்கு ஓடுமா என்பார்கள், பிள்ளைக்குப் பாடம் ஓடுமா என்பார்கள்.
கடலை யாரும் கேட்டதில்லை.

பெயர் டோல்கோர். நிலக்கரிக் கிடங்கின் எடைமேடையில் வேலை.
லாரி ஏறும், எண் விழும்.
வெறும் லாரியின் எடையைக் கழித்துவிட்டு
மிச்சத்துக்குச் சீட்டு எழுதுவாள்.
நகக்கண்ணில் கரி.
பென்டிரைவில் ஒரு கப்பல் விளையாட்டு.
கையிருப்பு பன்னிரண்டு லட்சம் துக்ரிக்,
அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.
பெட்டியும் சின்னதாக வேண்டுமாம்:
கட்டிலுக்கும் ஹீட்டருக்கும் நடுவே
ஒரு ரொட்டி அகலம்தான் இடம்.

"ஏரி பார்த்திருக்கிறேன்," என்றாள்.
"அதற்கு அக்கரை தெரிகிறது."

முதலில் ஆசை காட்டினேன், வியாபாரமல்லவா.
தனி கிராஃபிக்ஸ் கார்டு, இரட்டை விசிறி,
ஒருவர் கைபட்டது, ஏழு லட்சம்.
என் பெரிய பெட்டியில் சொருகி ஓட்டினேன்.
அலை எழுந்தது.
நுரை உடைந்தது.
வெயில் தண்ணீரில் சில்லறையாகச் சிதறியது.
அவள் வாய் லேசாகத் திறந்து, மூடியது.
"வெற்று எடை சொல்லுங்கள்."

சொன்னேன்.
கார்டு இரண்டு விரற்கடை நீளம், சின்னப் பெட்டி மூடாது.
பெட்டி மாறினால் பவர் சப்ளையும் மாறும்.
மாதா மாதம் கரண்டு.
விசிறி இரைச்சல், அதே அறையில் தூங்கும் தங்கை.
எடைச்சீட்டின் பின்பக்கத்தில்
ஒவ்வொன்றாகக் கழித்தாள்.
மிச்சமும் மைனஸில்தான் நின்றது.

அடுத்து, குட்டிப் பெட்டி. ஒன்பதரை லட்சம்.
கிராஃபிக்ஸுக்குத் தனி வீடில்லை,
ப்ராசசருக்குள் ஒண்டுக்குடித்தனம்.
ரேமையும் கேட்டு வாங்கித்தான் பிழைக்கும்.
நொடிக்குப் பதினாறு படம்.
கப்பல் திக்கித் திக்கி நின்றது.
கடல், விரித்துப்போட்ட நீலத் தார்ப்பாய்.
அவள் கையுறையை மாட்டத் தொடங்கினாள்.

எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.
பதினாறு ஜிபி ஒற்றை ரேமைப் பிடுங்கி
எட்டும் எட்டுமாக இரண்டு சொருகினேன்.
அதே பதினாறுதான், கூடுதலாகக் கால் லட்சம்,
ஆனால் ஒற்றையடிப் பாதை
இருவழிச் சாலையாகிவிடும்.
இருபத்தாறு.
நிழலை அணைத்தேன். முப்பத்தொன்று.
கப்பல் நகர்ந்தது. அலை இன்னும் படுத்தே கிடந்தது.

மவுஸைக் கேட்டு வாங்கினாள் டோல்கோர்.
பட்டியலில் கீழே, கீழே போனாள்.
தீவின் புல்: உச்சம்.
எந்த ஊர்க்காரனோ
ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகக் காற்றில் ஆடவிட்டிருந்தான்.
"புல்லா?" சிரித்துவிட்டாள்.
"ஜூலையில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்,
நாடு முழுக்க இலவசம்."
பூஜ்யத்துக்கு இழுத்தாள்.
மரத்தை இழுத்தாள். தூரத்து மலையை இழுத்தாள்.
மேகத்தின் மேல் ஒரு கணம் நின்றாள்,
அதையும் இழுத்தாள்.
மிச்சப்பட்டது அத்தனையையும்
தண்ணீரில் போட்டாள்.

தீவு மொட்டையடித்த தலையானது.
அதைச் சுற்றி,
ஹீட்டர் முனகும் என் ஆறடிக்கு எட்டடியில்,
கடல் புரண்டது.
கார்டின் கடல் இல்லை இது.
நுரை ஓரங்களில் சதுரம்,
வெயில் கொஞ்சம் மங்கல்.
ஆனாலும் அக்கரை இல்லை.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் தெரியாது.
சார்ஜர் வாங்க வந்த ஒருவர்
கேட்க மறந்து நின்றார்.

ஒன்பதே முக்காலை எண்ணி வைத்தாள்.
பெட்டியைக் கோட்டுக்குள் விட்டுப் பொத்தான் போட்டாள்.

"வீட்டுக்குப் போனதும் போட்டுவிடாதீர்கள்.
குளிரிலிருந்து போகிறது, சூட்டில் வியர்க்கும்.
இரண்டு மணி நேரம் சும்மா வையுங்கள்,
இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் நிற்கும்."

கதவைப் பாதி திறந்துகொண்டு, புகையும் குளிரும் உள்ளே வர,
திரும்பிச் சொன்னாள்:
"அதற்குத்தானே வாங்குகிறேன்."